பொள்ளாச்சி வழக்கு, 2019–2025: விசாரணை எங்கே இடறியது, எப்படி நிமிர்ந்தது

பொள்ளாச்சி என்று சொன்னதுமே பலருக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு வீடியோத் துணுக்கும் அதில் கேட்ட குரலும்தான். நான் இங்கே எழுத நினைப்பது அதைப் பற்றி அல்ல. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பாலியல் குற்ற வழக்கைக் காவல்துறை எப்படிக் கையாண்டது, எந்த இடத்தில் கோட்டை விட்டது, ஆறு வருஷம் கழித்து ஒன்பது பேருக்கும் தண்டனை கிடைக்கும்படி அது எப்படி நேரானது என்பதை வரிசையாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. யார் பெயரையும் எழுதவில்லை. குற்றவாளிகள், அதிகாரிகள் பெயரெல்லாம் தேடினால் கிடைக்கும், அது இங்கே தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கம் இருந்தவர்களை 'குடும்பத்தில் ஒருவர்' என்று மட்டும் சொல்கிறேன். என்ன உறவு என்பதைக்கூட விட்டுவிட்டேன். காரணம் போகப் போகப் புரியும்.

பின்னணி

2019 பிப்ரவரி 12. பொள்ளாச்சிப் பகுதியில் ஒரு கல்லூரி மாணவியை, அவருக்கு ஏற்கெனவே அறிமுகமான ஒருவன் பேசலாம் என்று வரவழைத்துக் காரில் ஏற்றுகிறான். அவனுடைய கூட்டாளிகளும் சேர்ந்துகொள்கிறார்கள். காருக்குள் அவரைத் துன்புறுத்தி, அதைப் போனில் படம் பிடித்து, கழுத்தில் கிடந்த சங்கிலியையும் பறித்துக்கொண்டு வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் அந்த வீடியோவை வைத்து மிரட்டல் ஆரம்பிக்கிறது.

அந்தப் பெண் வீட்டில் சொன்னார். மிரட்டுகிறவர்கள் நம்பிக்கொண்டிருந்ததே சொல்லமாட்டார் என்பதைத்தான். குடும்பத்தினரும் தெரிந்தவர்களும் அந்தக் கும்பலில் சிலரைப் பிடித்துப் போனை வாங்கிப் பார்த்தபோது அதில் வேறு பெண்களின் வீடியோக்களும் இருந்தன. பிப்ரவரி 24 அன்று பொள்ளாச்சி கிழக்குக் காவல் நிலையத்தில் புகார் பதிவானது.

எஃப்ஐஆரில் இருந்தவை பாலியல் தொல்லை, ஆடையைக் களைதல், கொள்ளை, அந்தரங்கத்தைப் படம் பிடித்ததற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு, தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான வன்கொடுமைத் தடைச் சட்டம் ஆகியவை. கூட்டு வல்லுறவுப் பிரிவு அதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நடந்தது எதுவோ அதைத்தான் அவர் சொன்னார், அதற்கேற்ற பிரிவுகள் போடப்பட்டன. மற்ற பெண்களுக்கு நடந்தது இதைவிடப் பெரியது, ஆனால் அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் வரவில்லை. வழக்கின் மொத்தச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. கையில் புகார் ஒன்று. போனில் பல முகங்கள். அந்த முகங்கள் தாமாக நடந்து வந்து வாக்குமூலம் கொடுத்தால்தான் வழக்கு அதன் உண்மையான அளவுக்கு வளரும்.

முதல் இரண்டு வாரங்கள்

புகார் வந்த உடனே மூன்று பேர் கைதானார்கள். நான்காவது ஆள் தலைமறைவாகி, ஒளிந்திருந்த இடத்திலிருந்தே தன் தரப்பைச் சொல்லி வீடியோ விட்டு, மார்ச் முதல் வாரத்தில் பிடிபட்டான். கைது வேகத்தைப் பொறுத்தவரை பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில். புகார் கொடுத்த இரண்டாம் நாள், பிப்ரவரி 26 அன்று, 'நீதானே போலீஸுக்குப் போனாய்' என்று குடும்பத்தில் ஒருவரை அடித்தார்கள். அடித்தவர்கள் கைதானவர்களின் கூட்டாளிகள். அதில் ஆளுங்கட்சியில் பொறுப்பு வைத்திருந்த ஒருவரும் இருந்தார், பிறகு கட்சி அவரை நீக்கியது. அந்தத் தாக்குதலைத் தனி வழக்காகப் பதிந்தார்கள், அதில் கைதானவர்கள் சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டார்கள். சாதாரண அடிதடி வழக்கில் அது நடக்கக்கூடியதுதான். இது சாதாரண அடிதடியா என்பதுதான் கேள்வி.

இத்தனைக்கும் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018-ஐ உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுக்க அதுவே சட்டம் என்று சொன்னது 2018 டிசம்பரில். மூன்று மாதம்கூட ஆகவில்லை. சாட்சிக்கு எவ்வளவு ஆபத்து என்று போலீஸ் மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும், அதை வைத்து வீட்டுக்குக் காவல் போடுவதா, அடையாளத்தை மறைப்பதா, இடம் மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும் என்கிறது அந்தத் திட்டம். புகார்தாரர் பக்கத்து ஆள் ஒருவர் இரண்டே நாளில் அடி வாங்குகிறார் என்றால் அதைவிடத் தெளிவான ஆபத்து அறிகுறி வேறு கிடையாது. அந்த அடி அவருக்கு மட்டும் விழுந்ததாக நான் நினைக்கவில்லை. போனில் முகம் இருந்த ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். சின்ன ஊர், செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்?

மைக் முன்னால் நடந்தது

மார்ச் 10 அன்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பானது. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18-ல் வாக்குப்பதிவு. அதே நாட்களில்தான் வீடியோத் துணுக்கும் வெளியே வந்தது, மாநிலம் கொதித்தது, கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள், ஆயிரக்கணக்கான வீடியோக்கள் என்று ஆளுக்கு ஒரு எண்ணிக்கை. அரசியல்வாதிகளின் பிள்ளைகளுக்குத் தொடர்பு என்று ஒரு பக்கம் குற்றச்சாட்டு, இல்லை என்று இன்னொரு பக்கம் மறுப்பு.

இந்த நெருக்கடியில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர்களைச் சந்தித்தார். வதந்திகளை மறுப்பதும், வேறு யாராவது பாதிக்கப்பட்டிருந்தால் தைரியமாக வந்து புகார் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்வதும்தான் நோக்கம். நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் அதே பேச்சில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'வாருங்கள், உங்கள் ரகசியம் பத்திரமாக இருக்கும்' என்று கூப்பிடுகிற வாயே, ஏற்கெனவே வந்தவரின் பெயரைச் சொல்கிறது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து, 'அந்த போனில் நானும் இருக்கிறேனோ' என்று வயிற்றில் பயத்தைக் கட்டிக்கொண்டிருந்த பெண் அன்றைக்கு என்ன முடிவு எடுத்திருப்பார்?

சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72) பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதையே குற்றமாக்குகிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபுண் சக்சேனா வழக்கில் இன்னும் விரித்துச் சொன்னது: பெயர் மட்டுமல்ல, ஆளைக் கண்டுபிடிக்க உதவுகிற எந்த விவரமும் கூடாது, இந்த மாதிரி எஃப்ஐஆரைப் பொதுவெளியில் போடக்கூடாது. 228ஏ-யில் வருகிற பிரிவுகள் முதல் எஃப்ஐஆரில் இல்லையே என்று வாதாட ஒரு சந்து இருக்கலாம். அந்தச் சந்தில் நுழைந்து தப்பிக்கப் பார்ப்பது வக்கீல் வேலை, விசாரணை செய்கிறவர்களின் வேலை அல்ல.

மார்ச் 12 வாக்கில் வழக்கு மாநிலக் காவல்துறையின் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடிக்குப் போனது, பிடிபட்ட நால்வர் மீதும் தடுப்புக்காவலில் வைக்கிற குண்டர் சட்டம் பாய்ந்தது. அடுத்து, சிபிஐக்கு மாற்றப் பரிந்துரைத்து அரசாணை வந்தது. அந்த அரசாணையிலும் பாதிக்கப்பட்டவரின் பெயர், படித்த கல்லூரி, குடும்பத்தில் ஒருவரின் பெயர் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு தடவை நடந்தால் வாய்தவறியது என்று சொல்லலாம். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை, அதுவும் தட்டச்சாகி, பல மேசை தாண்டி, கையெழுத்தாகி வெளியே வந்த காகிதத்தில்! அத்தனை மேசையிலும் ஒருவர் கண்ணில்கூடப் படவில்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

உயர் நீதிமன்றம் தலையிட்டது

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை எடுத்துக்கொண்டது. அடையாளத்தை வெளியிட்டதற்காக அந்தப் பெண்ணுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், பெயர் விவரங்கள் இல்லாமல் புதிய அரசாணை வெளியிட வேண்டும், பெயரைச் சொன்ன அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும் என்று உத்தரவிட்டது. குற்றத்துக்கான இழப்பீடு அல்ல இது, விசாரித்த விதத்துக்கான இழப்பீடு. இந்த வித்தியாசம் முக்கியம்.

கை மாறியதன் லாபமும் நஷ்டமும்

உள்ளூர் ஸ்டேஷன், சிபிசிஐடி, சிபிஐ என்று இரண்டு மாதத்தில் வழக்கு மூன்று கைக்குப் போனது. சிபிஐ ஏப்ரல் கடைசியில் தன் பெயரில் வழக்கைப் பதிந்தது, மே மாதம் முதல் குற்றப்பத்திரிகை போட்டது.

'சிபிஐக்கு மாற்று' என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரு கோஷம் மாதிரி ஆகிவிட்டது. இந்த வழக்கில் அதற்கு நியாயம் இருந்தது. உள்ளூர் அரசியல் செல்வாக்குள்ளவர்கள் பெயர் அடிபடும்போது உள்ளூர் போலீஸ் எவ்வளவு நேர்மையாக விசாரித்தாலும் ஜனங்கள் நம்பமாட்டார்கள், நம்பாத இடத்துக்குப் புகாரும் வராது. ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் பாதிக்கப்பட்டவர் புது முகத்துக்கு முன்னால் பழைய கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைப்பற்றிய போன் எந்தத் தேதியில் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி கூடுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடுவது அந்தக் கண்ணியைத்தான்.

இந்த வழக்கு முழுக்க முழுக்க மின்னணு ஆதாரத்தை நம்பியது என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கைப்பற்றிய போனை ஆன் செய்து ஆளாளுக்குப் பார்க்கக்கூடாது. தடயவியல் ஆய்வகத்தில் அதிலுள்ள தரவு முழுவதையும் அச்சு அசலாக ஒரு மின்னணுப் பிரதி எடுத்து, இரண்டுக்கும் ஹேஷ் மதிப்பு (தரவின் கைரேகை மாதிரியான ஒரு எண்) ஒன்றுதான் என்று பதிவு செய்து, பிரதியை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அழித்த கோப்புகளை மீட்பதும் அதில்தான். நீதிமன்றத்தில் காட்டும்போது அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி (இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 63) சான்றிதழ் வேண்டும். இந்த வழக்கில் போனை முதலில் கையில் எடுத்தவர்கள் போலீஸ்கூட இல்லை, பொதுமக்கள். அப்புறம் ஒரு துணுக்கு வெளியே கசிந்து மாநிலம் முழுக்கச் சுற்றியது. முகத்தை மங்கலாக்கிப் போட்டோம் என்று சொன்னார்கள். குரலை என்ன செய்தார்கள்? தெரிந்தவர்களுக்குக் குரல் போதுமே.

இந்த இடத்தில் குண்டர் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 நவம்பரில் இருவர் மீதான தடுப்புக்காவலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் நடைமுறைக் குறைகள். கோபம் உச்சத்தில் இருக்கும்போது அவசரமாகப் போடுகிற உத்தரவு செய்தியாகும், காகிதம் சரியில்லை என்றால் அப்புறம் நீதிமன்றத்தில் நிற்காது. மூல வழக்கு தனியாக ஓடிக்கொண்டிருந்ததால் பெரிய சேதமில்லை. ஆனால் 'விட்டுட்டாங்களாம்' என்று ஊரில் பரவிய அந்தச் செய்தி சாட்சிகள் காதிலும்தான் விழுந்திருக்கும்.

மெதுவாக, சத்தமில்லாமல்

2019 நடுவிலிருந்து வழக்கு தலைப்புச் செய்தியிலிருந்து இறங்கியது. கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று அப்போது பலரும் எழுதினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். தப்பு. ஐந்தாவது ஆள் 2019-லேயே சிக்கியிருந்தான். 2021 ஜனவரியில் திடீரென்று மேலும் மூன்று பேர் கைதானார்கள், ஒருவர் ஆளுங்கட்சி மாணவர் அணிப் பொறுப்பாளர். கட்சி உடனே நீக்கியது. அந்த ஆகஸ்டில் ஒன்பதாவது ஆளும் பிடிபட்டார். 'இவ்வளவு பேர்தான்' என்று 2019 மார்ச்சில் முடித்துவைக்கப் பார்த்த கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

எப்படி? மற்ற பெண்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். கூட்டு வல்லுறவு, திரும்பத் திரும்ப வல்லுறவு என்ற கடும் பிரிவுகள் அவர்கள் சொன்னதிலிருந்துதான் வந்தன. வழக்கின் எடையே மாறியது.

இந்தக் கட்டத்தில் செய்தியாளர் சந்திப்பு எதுவும் கிடையாது. யார் வந்தார், எந்த ஊர், என்ன வயது, எதுவும் வெளியே வரவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி வாக்குமூலம், சீல் வைத்த உறை, விசாரணை மூடிய அறையில். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரிந்த அந்த வருஷங்களில்தான் வழக்கு உருவானது.

நடுவில் ஒரு அபத்தமும் நடந்தது. 2021 அக்டோபரில் கோவை நீதிமன்றத்துக்குக் கூட்டிவந்துவிட்டு சேலம் சிறைக்குத் திரும்பும் வழியில், காவலுக்குப் போன போலீஸார் வண்டியை நிறுத்திக் கைதிகளை உறவினர்களோடு ரோட்டோரத்தில் பேசவிட்டார்கள். அது படமாகி வெளியே வந்து, ஏழு பேர் பணியிடை நீக்கம் ஆனார்கள். பெரிய சதி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், 'பாவம், வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க' என்ற இரக்கமாகக்கூட இருக்கலாம். அந்தப் படத்தைப் பார்க்கிற சாட்சிக்கு அது இரக்கமாகத் தெரியாது.

தீர்ப்பு

2025 மே 13 அன்று, பெண்களுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கிற கோவை மகிளா நீதிமன்றம் ஒன்பது பேரும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. எல்லோருக்கும் சாகும்வரை ஆயுள், ஒருவருக்கு ஒரு ஆயுள் என்பதிலிருந்து ஐந்து ஆயுள் வரை. எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதற்குப் பிறகு மாநில அரசு மேலும் தலா 25 லட்சம் அறிவித்தது.

அரசுத் தரப்பில் விசாரிக்கப்பட்ட சாட்சிகள் 48 பேர். ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை, அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லவில்லை. 200-க்கும் மேற்பட்ட ஆவணங்கள், சுமார் 400 மின்னணு ஆதாரங்கள். நம் நீதிமன்றங்களில் ஆறு வருஷம் இழுத்த பாலியல் வழக்கில் பிறழ்சாட்சி இல்லை என்பது எவ்வளவு அபூர்வம் என்று கோர்ட் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். இடையில் எத்தனையோ நடந்துவிடும். கல்யாணம் ஆகியிருக்கும், ஊர் மாறியிருக்கும், புகுந்த வீட்டுக்குத் தெரியாது, 'விட்டுத் தொலை' என்று சொந்த வீடே சொல்லும்.

எட்டு என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-ல் பேசப்பட்ட நூற்றுக்கணக்கு எங்கே, எட்டு எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பெரிய எண் வெறும் வதந்தியா, இல்லை பயந்து வராமல் போனவர்களின் கணக்கும் அதில் இருக்கிறதா என்று தீர்ப்பை வைத்து முடிவு பண்ண முடியாது. நீதிமன்றம் எண்ணுவது சொன்னவர்களை மட்டும்தான்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

என் கணிப்பு இது. இந்த வழக்கில் குற்றவாளியைப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை, ஆதாரம் அவர்கள் போனிலேயே இருந்தது. கஷ்டம் இரண்டாவது பெண்ணை வரவைப்பது. போலீஸ் எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் அந்த ஒரு அளவுகோலால் அளந்திருக்க வேண்டும்: இதைப் பார்க்கிற இரண்டாவது பெண் கதவைத் திறப்பாளா, இன்னொரு தாழ்ப்பாளும் போடுவாளா?

அப்படி அளந்திருந்தால், விசாரணைப் பொறுப்பில் இருக்கிற அதிகாரி மைக் முன்னால் போயிருக்கவே கூடாது. பேசுவதற்கு விசாரணையோடு சம்பந்தமில்லாத ஒருவர், கையில் எழுதிய தாள், அதை வாசித்துவிட்டு எழுந்து போவது, அவ்வளவுதான். கோப்பில் பெயருக்குப் பதிலாக முதல் நாளிலிருந்தே 'எக்ஸ்' என்றோ ஒரு எண்ணோ இருந்திருந்தால் அரசாணையில் பெயர் வர வழியே இல்லை. தட்டச்சு செய்கிறவருக்கே தெரியாத பெயரை அவர் எப்படி அடிப்பார்? மூலப் பெயர் ஒரு சீல் வைத்த உறையில், ஒரே ஒருவர் பொறுப்பில் இருந்தால் போதும்.

பிப்ரவரி 26 தாக்குதலைத் தனி அடிதடியாகப் பார்க்காமல் சாட்சியை மிரட்டியதாகப் பார்த்து, அன்றைக்கே பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டு ஜாமீனைக் கடுமையாக எதிர்த்திருக்கலாம். வீடியோவில் தெரிகிற பெண்களைத் தேடிப் போகும்போது சீருடை இல்லாமல், பெண் அதிகாரி, வீட்டு வாசலுக்குப் போகாமல் அவர் சொல்கிற இடத்தில், சொல்கிற நேரத்தில். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது. அந்த நம்பர் இரண்டு வருஷம் கழித்து அடித்தாலும் எடுக்க அதே ஆள் இருக்க வேண்டும், இடமாற்றத்தில் போயிருக்கக்கூடாது. நம் காவல்துறையில் கடினமான நிபந்தனை இதுதான் என்று தெரியும்.

எண்ணிக்கை கேட்டால் 'விசாரணை நடக்கிறது' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை பேர்தான், இவர்களுக்குத் தொடர்பில்லை என்று இரண்டே வாரத்தில் சொல்வது பதில் போலத் தெரியும், பின்னால் ஒவ்வொரு புதுக் கைதும் அந்தப் பதிலைப் பொய்யாக்கும்.

இதெல்லாம் பொள்ளாச்சியோடு போனதா என்றால், இல்லை. 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த வழக்கை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவிடம் கொடுத்தது. 2025 ஜூன் தொடக்கத்தில் தண்டனையே வந்துவிட்டது, குறைந்தது 30 வருஷம் வெளியே வரமுடியாத ஆயுள். ஆறு வருஷம் எங்கே, ஆறு மாதத்துக்குள் எங்கே. வேகத்தில் அவ்வளவு முன்னேற்றம். ஆனால் அந்த வழக்கிலும் முதல் சில நாட்களிலேயே மாணவியின் விவரங்களோடு எஃப்ஐஆர் இணையத்தில் கசிந்தது. இந்தத் தடவை மைக் இல்லை, காவல்துறையின் இணையதளம். தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அதற்காக அரசு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன தொகையும் 25 லட்சம்தான்.